பிள்ளைகளோடு முதல்முறை கப்பலேறும் பெற்றோருக்கு

அன்புள்ள அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும்,

லீவு விட்டால் ஊட்டி, கொடைக்கானல், மிஞ்சினால் மூணாறு என்றிருந்த வீடுகளில் இப்போது கப்பல் பேச்சு அடிபடுகிறது. டிராவல்ஸ்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் ஒரு வெள்ளைக் கப்பல் நிற்கிறது. நீச்சல் குளத்தில் ஒரு குழந்தை பல் தெரியச் சிரிக்கிறது. சாப்பாடு, தங்கல், ஆட்டம் பாட்டம் எல்லாம் ஒரே கட்டணம் என்று கீழே எழுதியிருக்கிறது. கைப்பிள்ளையும் எல்கேஜி பிள்ளையுமாக இதற்குத் துணியலாமா என்பதுதான் உங்கள் கேள்வி.

தாராளமாகத் துணியலாம். சின்னப் பிள்ளைகளோடு போவதற்குக் கப்பல் வசதியானது. தினம் ஓர் ஓட்டல் மாற வேண்டாம், பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும், பசித்ததும் சாப்பாடு, கண் சொருகியதும் படுக்கை. ஆனால் கப்பலில் தாராளமாகத் தளரவேண்டிய விஷயங்கள் சில உண்டு. இம்மியும் தளரக்கூடாத விஷயங்கள் சில உண்டு. பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கட்டிய காசு வீணாகக்கூடாது என்று காலையிலிருந்து நடுநிசி வரை பிள்ளையை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி இழுத்துப் போகிறார்கள். நீச்சல் குளத்தருகில் மட்டும் 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று இருந்துவிடுகிறார்கள். அதை நேராக்கத்தான் இந்த மடல்.

நமக்குக் கப்பல் புதிதில்லை. 1926-இல் கட்டிய ரஜூலா என்ற கப்பல் 1973 வரை ஓடியது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன நம் ஆட்களில் பலர் அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள். இடுப்பில் பிள்ளையோடு போன பெண்களும் அதில் உண்டு. பின்னால் வந்த எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தத் தடம் நின்றுபோனது. பிழைக்கப் போனவர்களின் கப்பல் அது. ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது.

இன்று நீங்கள் ஏறப்போவது வேறு ஜாதி. 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. மறு ஆண்டு ஜூனில் இலங்கைக்கும் போனது. சிங்கப்பூரில் 2012-இல் திறந்த மரினா பே கப்பல் முனையத்திலிருந்து பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவரும் பெரிய கப்பல்களுக்கு நம் ஊரிலிருந்து விமானம் பிடித்துப் போகிறவர்கள் ஏராளம். சிங்கப்பூரைத் தாய்த்துறையாகக் கொண்ட டிஸ்னி அட்வெஞ்சருக்குப் போட்ட அட்டவணையில் இடையில் எந்தத் துறைமுகமுமே கிடையாது. மூன்று இரவோ நான்கு இரவோ கடலில் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதாவது கப்பலே ஊர். எந்த ஊருக்குப் போகிறது என்று பார்ப்பதைவிட எந்தக் கப்பல் என்று பார்ப்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

பெரிய கப்பல்தான் பிள்ளைகளுக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எம்பிரஸ் 1990-இல் கட்டியது. கிராஸ் டன்னேஜ் கணக்கில் 48,563. சுமார் 800 கேபின்கள். சிங்கப்பூரிலிருந்து ஓடிய ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் 2019-இல் வந்தது, அது 1,69,379, 4,000 பயணிகளுக்கு மேல் ஏற்றும். பெரியதில் சறுக்கு, ரோபோ, ராட்டினம் என்று எட்டு வயதுப் பிள்ளைக்குத் தீனி நிறைய. ஆனால் கேபினிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு லிஃப்டுக்குக் காத்திருந்து, நீள நடையில் நடந்து போய்ச் சேர்வதற்குள் மூன்று வயதுக்குப் பசி அழுகையாகிவிடும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் சின்னக் கப்பலும் குறைந்த நாட்களுமே போதும். வார இறுதிப் பயணங்களில் பார்ட்டிக்கென்று வரும் கூட்டம் அதிகம். இரவு இரண்டு மணி வரை நடையில் சத்தம் கேட்கும். வாரநாளில் புறப்படுவது கிடைத்தால் அதை எடுங்கள்.

கடலையும் காலத்தையும் கேளுங்கள். மலாக்கா நீரிணை மலாய்த் தீபகற்பத்துக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் ஒதுங்கிக் கிடப்பதால் பெரிய அலை அங்கே குறைவு. முதல் பயணத்துக்கு அது தோது. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் மும்பைப் பக்கம் ஓடும் எம்பிரஸ் நம் கரைக்கு வந்திருக்கிறது. வங்காள விரிகுடா திறந்த கடல்; அந்த மாதங்களில் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். ஐப்பசி, கார்த்திகை புயல் காலம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஏஜென்டிடம் சில கேள்விகளுக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பல கப்பல்களில் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை; கர்ப்பம் 24-ஆவது வாரத்தைத் தொட்டுவிட்டால் தாயையும் ஏற்றுவதில்லை. கைக்குழந்தையானாலும் கப்பலில் ஒரு தலைதான். உயிர்காப்புப் படகில் அதற்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்பதால், நால்வர் கேபினில் ஐந்தாவதாக மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றால் விடமாட்டார்கள். டிப்ஸ் என்று நாள் கணக்கில் பிடிக்கும் தொகையைச் சில நிறுவனங்கள் பச்சைக் குழந்தை பேரிலும் எழுதும். துறைமுக வரி, டிப்ஸ், வைஃபை எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று ஒரே எண்ணாகக் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் ஏறுகிறவர்கள், கப்பல் திரும்பும்போது மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைகிறோம் என்பதை மறக்கக்கூடாது. விசா அந்த இரண்டாவது நுழைவுக்கும் செல்ல வேண்டும். அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும், அல்லது தாத்தா பாட்டி மட்டும் பிள்ளையைக் கூட்டிப் போனால் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

மருத்துவக் காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். கப்பலில் டாக்டர் இருப்பார். குழந்தை டாக்டர் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு காய்ச்சலுக்குக் காட்டினாலும் பில் டாலரில் வரும். பிள்ளைக்கு வழக்கமாகக் கொடுக்கும் காய்ச்சல் மருந்து, அதன் அளவு எழுதிய சீட்டு, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், தெர்மாமீட்டர் இவ்வளவும் வீட்டிலிருந்தே வரட்டும்.

இவற்றைப் பெரிய பெட்டிக்குள் வைக்காமல் தோள்பையில் வையுங்கள். முனையத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை கேபின் வாசலுக்கு வந்து சேர மாலையாகிவிடும். அதுவரை உங்களுக்கு இருப்பது தோள்பை மட்டும்தான். டயப்பர், பால் பவுடர், மாற்றுத் துணி, நீச்சல் உடை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும். மேல்தளத்தில் தண்ணீரைப் பார்த்துவிட்ட பிள்ளையிடம் 'டிரஸ் பெட்டியில இருக்குடா கண்ணா' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

எலெக்ட்ரிக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, ஊதுவத்தி, கொசுவத்தி எதுவும் உள்ளே போகாது. சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். கப்பலுக்கு நெருப்பைவிடப் பெரிய எதிரி இல்லை. அதனால் இதில் சலுகை கேட்டு வாதாட வேண்டாம். சீல் பிரிக்காத குழந்தை உணவுக்குப் பொதுவாகத் தடையில்லை. வீட்டில் அரைத்த சத்துமாவை விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெந்நீர் கேட்டால் பஃபேயில் தருவார்கள். தயிரும் சாதமும் இருக்கிற இடத்தில் தயிர்சாதத்துக்குத் தனி மெனு தேவையில்லை. கையால் பிசைந்து ஊட்டுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அடுத்து, தளரக்கூடாத முதல் விஷயம்: பாதுகாப்புப் பயிற்சி. புறப்படும் முன்னோ புறப்பட்ட உடனேயோ இது நடந்தாக வேண்டும் என்பது சர்வதேச விதி. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது; 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அப்போது 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. அதன் பிறகுதான் விதி இறுகியது. இப்போது பல கப்பல்களில் வீடியோவை டிவியில் பார்த்துவிட்டு, உங்களுக்கென்று குறித்த இடத்துக்குப் போய்க் கேபின் அட்டையைக் காட்டிவிட்டு வந்தால் வேலை முடிந்தது. அப்பா மட்டும் போய்க் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளையும் நடத்திக் கூட்டிப் போங்கள். எந்தப் படி, எந்தத் தளம் என்று அவர்கள் கால் அறியட்டும்.

லைஃப் ஜாக்கெட்டையும் அன்றே கேட்டு வாங்குங்கள். கேபின் அலமாரியில் இருப்பது பெரியவர்களுடையது; பிள்ளைக்குப் போட்டால் தலைவழியே கழன்று வரும். ஏறிய பயணிகளில் பத்தில் ஒரு பங்கு எண்ணிக்கைக்காவது சிறுவர் ஜாக்கெட் கப்பலில் இருக்க வேண்டும், ஒருநாளுக்கு மேற்பட்ட பயணமென்றால் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒன்று இருக்க வேண்டும் என்று விதியிருக்கிறது. கேபின் உதவியாளரிடம் சொன்னால் கொண்டுவந்து தருவார். ஒருமுறை மாட்டிப் பாருங்கள். கவட்டுக்குள் போகும் வாரைப் பிள்ளைகள் வெறுப்பார்கள், கூசும், நெளிவார்கள். அதில் தொங்கும் விசிலை ஊதியே தீருவேன் என்பார்கள். ஊதட்டும். ஏழு சின்ன ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் விளையாட்டில்லை, அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்த விசிலாலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

கேபினுக்குள் வாருங்கள். முதலில் கதவு. தானே சாத்திக்கொள்ளும் கனமான கதவு. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது இன்னும் வேகமாகச் சாத்தும். பிள்ளையின் விரல் கீல் பக்கம் போகாமல் பார்ப்பது முதல் நாளிலிருந்தே வேலை. குளியலறை வாசலில் ஒரு திட்டு உயர்ந்திருக்கும். இரவு எழுந்து போகிற பிள்ளை அதில்தான் தடுக்கும். சின்ன இரவு விளக்கு ஒன்று எடுத்துப் போங்கள். ஜன்னலில்லாத உள் கேபின் பகலிலும் கும்மிருட்டு. மத்தியானத் தூக்கத்துக்கு அதைப்போல ஒன்று கிடையாது, ஆனால் நடுராத்திரி விழித்த குழந்தைக்குத் திசை தெரியாது.

கழிப்பறை நீரை இழுக்காது, காற்றால் உறிஞ்சும். பொத்தானை அழுத்தியதும் 'ஸ்ஸ்ர்ர்க்' என்று ஓர் உறுமல். அடுத்த கணம் எல்லாம் மாயம். மூன்று வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது யாராவது அழுத்திவிட்டால் அதற்கப்புறம் பயணம் முடியும்வரை அந்த வாசல்படி மிதிக்கமாட்டான். எழுந்த பிறகு மூடியைச் சாத்தி, 'டாட்டா சொல்லு' என்று அவன் கையாலேயே அழுத்தச் சொல்லுங்கள், பயம் விளையாட்டாகிவிடும். வாளி சொம்புக் குளியலுக்கு வழியில்லை, ஷவர்தான். தலையில் தண்ணீர் விழுந்தால் அலறும் பிள்ளையாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் மக் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அது வேறு காரியத்துக்கும் உதவும் என்பது உங்களுக்கே தெரியும்.

தூளியில் தூங்கிப் பழகிய குழந்தைக்கு இன்னொரு சங்கடம். கேபின் கூரையில் கொக்கி கிடையாது. கப்பல் தரும் மடக்குத் தொட்டில்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். டிக்கெட் போடும்போதே எழுதி வாங்க வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே சமதரையில் தூங்கப் பழக்குங்கள். சுவரிலிருந்து இறங்கும் மேல் படுக்கையைப் பார்த்ததும் பிள்ளைகள் அதற்குச் சண்டை போடுவார்கள். ஆறு வயதுக்குக் கீழே அதில் படுக்க வைக்காதீர்கள். பால்கனிக் கேபின் எடுத்தால், பிள்ளை தனியாக இருக்கும்போது அந்தக் கதவு பூட்டியே இருக்க வேண்டும். நாற்காலியைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் போடக்கூடாது. கைப்பிடி ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். நாற்காலியில் ஏறிவிட்ட பிள்ளைக்கு அந்த உயரம் ஒன்றுமே இல்லை. போட்டோவுக்காகப் பிள்ளையைக் கம்பிமேல் உட்காரவைக்கும் அப்பாக்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். இப்போதைக்குச் செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

நீச்சல் குளத்துக்கு வருவோம். நம் வீட்டுக் கல்யாண மண்டபங்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பாட்டியிடம் இருக்கிறது என்று அம்மா நினைப்பாள். சித்தப்பா தூக்கிப் போனார் என்று பாட்டி நினைப்பார். சித்தப்பா பந்தியில் இருப்பார். பிள்ளை வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். நூறு கண் இருக்கிற இடத்தில் ஒரு கண்ணும் அந்தப் பிள்ளைமேல் இருக்காது. கப்பலின் குளத்தருகிலும் நடப்பது அச்சு அசல் இதுதான். எல்லாக் கப்பலிலும் உயிர்காப்பாளர் நிற்பதில்லை. நின்றாலும் அவருக்கு ஐம்பது தலை. மூழ்கும் குழந்தை கத்திக் கூப்பிடாது, தண்ணீரைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்யாது, சத்தமில்லாமல் போய்விடும். அதனால் குளத்தருகில் இருக்கும்போது பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். 'இப்போ நீ பார்க்கிறாய்' என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். பார்க்கிறவர் கையில் போன் இருக்கக்கூடாது. நீச்சல் தெரியாத பிள்ளை தண்ணீரில் இருந்தால் பெரியவரும் தண்ணீரில் இருக்க வேண்டும், கை எட்டும் தூரத்தில்.

டயப்பர் விடாத குழந்தைகளைப் பெரும்பாலான கப்பல்களில் பொதுக் குளத்தில் இறக்க அனுமதியில்லை. நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் இல்லை. ஒரு குழந்தையின் வயிற்றுக்கோளாறு குளம் முழுக்கப் பரவும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. சில கப்பல்களில் சிசுக்களுக்கென்று தனியாகத் தண்ணீர் தெளிக்கும் இடம் உண்டு. அது இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் அந்த வயதுப் பிள்ளைக்கு மேல்தளக் குளம் பார்க்க மட்டும்தான்.

வயிற்றுக்கோளாறு என்றதும் கை கழுவுவது நினைவுக்கு வர வேண்டும். நோரோ வைரஸ் கப்பல்களில் வேகமாகப் பரவக்கூடியது. சாப்பாட்டுக் கூட வாசலில் கையில் அடித்துவிடும் சானிடைசருக்கு அது அவ்வளவாக அடங்காது. சோப்புப் போட்டு இருபது வரை எண்ணிக் கழுவுவதுதான் வழி. லிஃப்ட் பொத்தான், கைப்பிடி, பஃபே கரண்டி எல்லாவற்றையும் தொட்ட கைதான் அடுத்து வாய்க்குப் போகிறது. பிள்ளைக்கு நீங்களே பரிமாறுங்கள். ஏறும் அன்று காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் உடல்நலப் படிவத்தில் மறைத்து எழுதாதீர்கள். உங்கள் காசு உங்களுக்குப் பெரிது. அடுத்த கேபினில் இருப்பதும் ஒரு குழந்தை.

கப்பல் ஆட்டம் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு அந்த ஆட்டத்தில் குமட்டல் பெரும்பாலும் வருவதில்லை. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் அதிகம். நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கும் கேபினில் ஆட்டம் குறைவு. கீழ்த்தளத்தில் விலையும் பெரும்பாலும் குறைவு. நமக்கு இரட்டை லாபம். குமட்டல் என்றால் வெளித்தளத்துக்குக் கூட்டி வந்து தொடுவானத்தைப் பார்க்க வையுங்கள். குனிந்து மொபைல் பார்க்கிற பிள்ளைதான் முதலில் வாந்தி எடுக்கும். மாத்திரை வேண்டுமானால் உங்கள் டாக்டரிடம் வயது, எடை சொல்லி எழுதி வாங்குங்கள். பெரியவர்கள் மாத்திரையை உடைத்து அரையாகக் கொடுக்கும் கைவைத்தியம் வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே எதுவுமே டாக்டர் சொல்லாமல் கூடாது.

இனி, தளரவேண்டிய பக்கம். தினமும் மறுநாள் நிகழ்ச்சி நிரல் கேபினுக்கோ ஆப்பிலோ வரும். காலை எட்டு மணி யோகாவிலிருந்து இரவு பன்னிரண்டு மணி டிஜே வரை இருக்கும். அதில் நாளுக்கு ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பிள்ளைக்கு லாஸ்வேகாஸ் பாணி நடனமும் ஒன்றுதான், லிஃப்ட் கண்ணாடியும் ஒன்றுதான். துறைமுகத்தில் வடக்கயிற்றை அவிழ்ப்பது, வழிகாட்டிப் படகு ஒட்டி வந்து ஆள் ஏறுவது, கப்பலின் பின்னால் நுரை வெள்ளைப் பாதையாக நீளுவது, இவை எந்த நிரலிலும் இருக்காது. பிள்ளைகள் அரைமணி நேரம் அசையாமல் நின்று பார்ப்பது இவற்றைத்தான். மத்தியானம் ஒரு மணிக்குத் தூங்கும் பிள்ளை கப்பலிலும் ஒரு மணிக்குத் தூங்கட்டும். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி வைத்திருந்தால் முதல் பந்தியை எடுங்கள். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு ஆறு மணி விநோதமாகத்தான் இருக்கும். ஆனால் எட்டரை மணிப் பந்தியில் மேஜைமேல் தலை சாய்ந்து தூங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நீங்கள் எதையும் ருசிக்கப் போவதில்லை.

குழந்தைகள் கிளப்பைப் பற்றி. பெரும்பாலும் மூன்று வயது நிறைந்து, தானாகக் கழிப்பறை போகப் பழகிய பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். கையெழுத்துப் போட்டு விட்டவர்தான் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளை, 'ஒன் பாத்ரூம்' என்பதை எந்த மொழியில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மூலையில் நிற்கும். முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் விட்டுப் பாருங்கள். பிடித்தால் நீட்டுங்கள், அழுதால் விட்டுவிடுங்கள். கட்டணத்தில் சேர்த்தி என்பதற்காக அழுகிற பிள்ளையைத் தள்ளிவிட வேண்டாம்.

இங்கே உங்கள் மனம் வருந்தினாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்கள் தாத்தா பாட்டியையும் கூட்டிப் போகின்றன; நல்லதுதான். ஆனால் இரவு ஷோவுக்கு நீங்கள் போக, தூங்கும் பிள்ளைக்குக் காவலாக ஜன்னலில்லாத கேபினில் பாட்டி உட்கார்ந்திருப்பதைத்தான் பல குடும்பங்களில் பார்க்கிறேன். கேட்டால், 'எனக்கென்ன, நான் பார்க்காத ஆட்டமா' என்பார். நம்பாதீர்கள். வாழ்நாளில் முதல்முறை கப்பலேறுகிறவர் அவரும்தான். ஓர் இரவு நீங்கள், ஓர் இரவு அவர்கள் என்று முறை வையுங்கள்.

துறைமுக நாட்களில் எல்லா ஊரிலும் இறங்கியே ஆக வேண்டும் என்றில்லை. பினாங்கு என்றால் இறங்குங்கள். ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன். சிறிது நடந்தால் லிட்டில் இந்தியா, தமிழ்ப் பெயர்ப் பலகை, பூக்கடை, 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். பிள்ளை களைத்தால் திரும்பி நடந்து கப்பலுக்கு வந்துவிடலாம். போர்ட் கிளாங் அப்படியில்லை. கோலாலம்பூர் போக பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. பத்துமலையில் 272 படி. முருகனைப் பார்க்கும் ஆசை நியாயம்தான். இரண்டு வயதைத் தோளில் சுமந்து மத்தியான வெயிலில் ஏறுவது உங்களுக்குத் தண்டனை. அன்று கப்பலிலேயே இருந்துவிட்டால், எல்லோரும் ஊர் பார்க்கப் போன அந்தக் காலியான கப்பல் உங்களுக்கே சொந்தம். புக்கெட்டில் பல கப்பல்கள் பத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டுச் சிறு படகில்தான் கரை சேர்க்கும். தள்ளுவண்டியோடு அதில் ஏறி இறங்குவதற்கு ஒரு ஆள் தனியாக வேண்டும். இலங்கைப் பயணத்தில் காங்கேசன்துறை வந்தால், பக்கத்திலேயே கீரிமலைக் கேணியும் நகுலேஸ்வரமும் இருக்கின்றன, திருகோணமலையில் கோணேஸ்வரம். ஒரு துறைமுகத்துக்கு ஒரே ஓர் இடம் என்று வைத்துக்கொண்டால் யாரும் அழமாட்டார்கள்.

கடிகாரத்தில் மட்டும் கறாராக இருங்கள். கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு. சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருக்கும் கப்பலிலிருந்து தாய்லாந்தில் இறங்கினால், உங்கள் போன் தானாகவே ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். போனைப் பார்த்து 'இன்னும் நேரமிருக்கிறது' என்று ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு நின்றால், கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போகும். இறங்கும் முன் கப்பல் நேரத்தில் ஓடும் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். கடலுக்குள் போனதும் போனை ஃப்ளைட் மோடில் போட மறக்காதீர்கள். கப்பலின் செல்போன் கோபுரத்தில் தெரியாமல் ஒட்டிக்கொண்டால் ஊருக்கு வந்தபின் பில் வரும்.

கப்பலில் உங்கள் அறையைச் சுத்தம் செய்கிறவர், சோறு பரிமாறுகிறவர் எல்லோரும் மாதக்கணக்கில் தங்கள் பிள்ளைகளைப் பிரிந்து வந்தவர்கள். பெயரைக் கேட்டுக் கூப்பிடவும், நன்றி சொல்லவும் உங்கள் பிள்ளைக்கு இங்கே பழக்குங்கள். கீழே சிந்திய சாதத்தை அவர் குனிந்து பொறுக்கும்போது பிள்ளையும் கூடக் குனிந்தால், அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வரும்.

இந்த மடலைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: குளத்தருகில் எப்போது யார், பால்கனிக் கதவைப் பூட்டுவது யார், அபாய ஒலி கேட்டால் யார் எந்தப் பிள்ளையைத் தூக்குவது, கிளப்பிலிருந்து யார் அழைத்து வருவது. கூட வருகிற தாத்தா பாட்டிக்கும் அதைப் படித்துக் காட்டுங்கள். இந்தத் தாளை மட்டும் கப்பலுக்கு எடுத்துப் போங்கள். எக்செல்லில் போட்டு வைத்திருக்கும் மற்ற அட்டவணையை, மணிக்கு மணி நிகழ்ச்சி எழுதியிருப்பதை, ஏறும் முன்பே அழித்துவிடுங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து, பிள்ளைகளோடு கப்பலேறிப் பழகிய ஓர் அம்மா